அப்போ அது எப்பதான் தப்பாகும்?

"30 சதவீதம்தான் மழைக்கு வாய்ப்புன்னாங்க சார், கொட்டித் தீர்த்துடுச்சு. கணிப்பு தப்புதானே?"

வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். தப்பில்லை என்றேன். வழக்கமான விளக்கம்தான். 30 சதவீதம் என்று சொன்ன நாட்களை மட்டும் தனியாகச் சேர்த்துக்கொண்டே வா. நூறு நாள் சேர்ந்தால் ஏறக்குறைய முப்பது நாள் மழை பெய்திருக்க வேண்டும். அறுபது நாள் பெய்திருந்தால் கணிப்பில் கோளாறு. இதற்கு மதிப்பெண் போடும் முறையை அமெரிக்க வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950-லேயே கொடுத்துவிட்டார், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

"அதாவது பெஞ்சாலும் சரி, பெய்யலேன்னாலும் சரி. அப்போ ஒரு நாளுக்குச் சொன்னது எப்பதான் சார் தப்பாகும்?"

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பூஜ்யம் அல்லது நூறு என்று அடித்துச் சொன்னால் ஒழிய, ஒரே ஒரு நாளை வைத்துத் தப்பு என்று சொல்லவே முடியாது என்றேன். உண்மை அதுதான். ஆனால் அவன் அங்கே நிற்கவில்லை.

"காலநிலை மாற்றமும் இப்படித்தானே? வெயில் கொளுத்தினாலும் அதுதாங்கறாங்க, வெள்ளம் வந்தாலும் அதுதாங்கறாங்க."

காலநிலை என்பது 30 ஆண்டுச் சராசரி என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நூறு நாள் பொறு என்றதையே முப்பது வருஷம் பொறு என்று சொல்வதுபோல் ஆகியிருக்கும். அதனால் பலகையில் சூரியனையும் இரண்டு காற்றடுக்குகளையும் வரைந்தேன். சூரியன் சூடு கூடியிருந்தால் கீழடுக்கும் மேலே ஸ்ட்ராட்டோஸ்பியரும் சேர்ந்தே சூடாக வேண்டும். காரணம் கார்பன் டை ஆக்ஸைடு என்றால் கீழே சூடாகும்; மேலேயோ அது வெப்பத்தை விண்வெளிக்குக் கூடுதலாக வெளியேற்றுவதால் குளிரும். காலநிலை ஆய்வாளர்கள் மனாபேயும் வெதரால்டும் 1967-லேயே கணக்குப் போட்டுச் சொன்னது இது. 1979 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில் மேலடுக்கு குளிர்ந்துதான் வந்திருக்கிறது. "சூடாகியிருந்தா, நாங்க சொன்னது தப்பு" என்றேன்.

அவன் சூடாகும் கீழடுக்குக்கு மேல்நோக்கி ஓர் அம்பு, குளிரும் மேலடுக்குக்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டுக்கொண்டான். "சரி சார்."

அந்த அம்புகள்தான் உறுத்துகின்றன. ஸ்ட்ராட்டோஸ்பியரின் கீழ்ப்பகுதி குளிர்ந்ததில், சூரியக் கதிரை உறிஞ்சி அதைச் சூடாக்கும் ஓசோன் குறைந்ததற்கும் பெரிய பங்கு உண்டு. உயரே போகப் போகத்தான் கார்பன் டை ஆக்ஸைடின் கை ஓங்குகிறது. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அவ்வளவு போதும், முடிவும் மாறப்போவதில்லை. அறிவியலை வகுப்பில் யாருமே முழுசாகச் சொல்வதில்லை. இதெல்லாம் நியாயம்தான். ஆனால் எப்போது தப்பாகும் என்று கேட்டவனிடம், தப்பாகாத மாதிரி செதுக்கிய ஒரு படத்தையல்லவா கொடுத்திருக்கிறேன்? அவன் நம்பியது சான்றையா, இல்லை நான் சொன்ன தோரணையையா?

இன்னொன்றும் உண்டு. அவன் முதலில் கேட்டது நாளைய மழையைப் பற்றி. அதற்கு நான் சொன்ன பதில் அவனுக்குப் போதவில்லை. எனக்கும் போதவில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போதெல்லாம் ஓசோனையும் சேர்த்தே நடத்துகிறேன். நேரம் இழுக்கிறது, பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்கிறார்கள். கேள்வியே எழாத இடத்தில் பதிலைக் கொட்டுகிறேனோ என்னவோ. மழை சதவீதத்தை மட்டும் நானாக எடுப்பதில்லை. யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.