இறந்தவர்களின் கோப்புகள் எந்த அறையில் இருக்கும்?

மாரடைப்பு வந்து அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் ஓராண்டு கழித்து என்ன ஆனார்கள் என்பதே என் முதுநிலைப் பட்ட ஆய்வின் கேள்வி. மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு மருமகளாக வந்து, செவிலியராகப் பணியாற்றிக்கொண்டே பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். விண்ணப்பத்தை அனுப்பிய நாளுக்கும் முதல் கோப்பை மேசைமேல் வைத்துத் திறந்த நாளுக்கும் இடையே 14 மாதங்கள் ஓடிவிட்டன. அந்த 14 மாதங்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது என்றாலும், ஆய்வையே கவிழ்த்திருக்கக்கூடிய பிழை கோப்புகள் கைக்கு வந்த பிறகுதான் நேர்ந்தது. அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

முதலில் அனுமதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வு நெறிமுறைக் குழு முழு ஒப்புதல் தருவதற்கு மருத்துவமனையின் சம்மதக் கடிதம் வேண்டும். மருத்துவமனை சம்மதம் தர மாகாண அளவிலான அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கோ நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் வேண்டும். மூன்று வாசல்களில் எந்த வாசலில் நின்றாலும் மற்ற இரண்டையும் முடித்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள். இதற்கு வழி இருக்கிறது: நெறிமுறைக் குழு, "மற்ற அனுமதிகள் கிடைத்தால் முழு ஒப்புதல்" என்று நிபந்தனையுடன் ஒரு தற்காலிகக் கடிதம் கொடுக்கும். அதை வைத்து மற்ற இரண்டு வாசல்களையும் திறந்துவிடலாம். ஆனால் அப்படி ஒரு கடிதம் இருப்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. நான்கு மாதங்கள் காத்திருந்த பிறகு, என்னுடன் படிக்கும் ஒருவர் தேநீர் குடித்துக்கொண்டே போகிற போக்கில் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

அடுத்து, தலைப்பு. "மாரடைப்பு நோயாளிகள்" என்று நான் எழுதியிருந்ததை, "தீவிர இதயத் தமனி நோய்" என்று மாற்றும்படி மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டார். மாற்றினேன். நெறிமுறைக் குழுவின் கடிதத்தில் புதிய தலைப்பும் இன்னொரு கடிதத்தில் பழைய தலைப்பும் இருந்ததால், இரண்டும் ஒரே ஆய்வுதான் என்பதை ஏற்க மறுத்தார்கள். அதைத் திருத்தி வாங்குவதற்காக விடுப்பு எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் காரோட்டி மாகாணத் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போனேன். கையெழுத்திட வேண்டியவர் அன்று விடுப்பில் இருந்தார். வரவேற்பில் இருந்த பெண், "இதை மின்னஞ்சலிலேயே அனுப்பியிருக்கலாமே" என்றார். அனுப்பினேன், ஆறு நாளில் வந்துவிட்டது. எந்தத் தாளில் எந்தச் சொல்லை மாற்றினாலும், எல்லாத் தாள்களிலும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013இல் இயற்றப்பட்டு, அதன் பெரும்பகுதி 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உடல்நலத் தகவலை அது சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கிறது. பழைய கோப்புகளை மட்டும் படிக்கும் ஆய்வுக்கு, ஒவ்வொரு நோயாளியிடமும் தனித்தனியாக இசைவு பெறுவதிலிருந்து நெறிமுறைக் குழு விலக்கு அளிக்கலாம். ஆனால் நோயாளியைத் தொலைபேசியில் அழைப்பதென்றால் இசைவு கட்டாயம். நான் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போட்டுவிட்டேன். தொலைபேசிப் பகுதிக்கான இசைவுப் படிவத்தின் சுலு மொழிபெயர்ப்பு சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கோப்புப் பகுதியும் சேர்ந்து முடங்கியது. இவற்றைத் தனித்தனி விண்ணப்பங்களாகக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

ஒருவழியாக 2023இல் கோப்பறைக்குள் நுழைந்தேன். அது மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டு. கோப்பு எண்ணைத் தேடித் தரும் கணினி முன்னறிவிப்போடும் அணையும், முன்னறிவிப்பு இல்லாமலும் அணையும். அப்படி வெறுங்கையோடு திரும்பிய நாள்கள் ஐந்து. நோய்க் குறியீட்டை நம்பிப் பட்டியல் எடுக்காமல், அவசரப் பிரிவின் சேர்க்கைப் பேரேட்டையும் வார்டின் பேரேட்டையும் கையாலேயே படித்துப் பட்டியல் எடுத்தது நல்லதாகப் போயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்தாம் திருத்தக் குறியீட்டில் மாரடைப்புக்கு ஐ-21 என்று இருந்தாலும், பல கோப்புகளில் குறியீட்டுக்கான கட்டம் வெறுமையாகவே கிடந்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன். பட்டியலில் இருந்த 300 பேரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரின் கோப்புகள் முதல் சுற்றில் கிடைத்தன. கிடைக்காதவற்றுக்கு நேராக "கோப்பு இல்லை" என்று எழுதிவிட்டு மேலே போனேன். இதயத் தசையின் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் அளவு, இதய மின்வரைபடம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து எத்தனை மணி நேரத்தில் ஏற்றப்பட்டது, வீட்டுக்குப் போகும்போது எழுதித் தந்த ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் எனக் கட்டம் கட்டமாக நிரப்பினேன். எல்லாரும் புறநோயாளிப் பிரிவுக்கு ஒழுங்காக வந்து போயிருந்தார்கள். முடிவுகள் அவ்வளவு அழகாக இருந்தன. மகிழ்ச்சியோடு என் வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "வார்டிலேயே இறந்தவர்கள் எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

ஒருவர்கூட இல்லை. மருத்துவமனைக்குள்ளேயே ஒரு மரணம்கூட நிகழாத மாரடைப்புப் பட்டியல் உலகில் எங்கும் இருக்க முடியாது என்பது, இதயப் பிரிவில் இரவுப் பணி பார்த்த எனக்கு வகுப்பில் கற்றுத்தர வேண்டிய செய்தியா? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கோப்பறையின் மூத்த எழுத்தரிடம் "கோப்பு இல்லை" பட்டியலைக் கொடுத்தேன். அவர் சுலு இனத்தவர்; எல்லாரையும் போல நானும் அவரைப் பாபா, அதாவது அப்பா, என்றுதான் அழைப்பேன். பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "இவர்களில் பாதிப் பேரை நீ இங்கே தேடக் கூடாது, மகளே. போனவர்களின் கட்டு பின்னால் இருக்கிறது" என்றார். ஈமச்சடங்குக் காப்பீட்டுக்காகவும் வழக்குக்காகவும் குடும்பத்தினர் கேட்டு வருவார்கள் என்பதால், இறந்தவர்களின் கோப்புகளைத் தனியே எடுத்து இன்னொரு அறையில் அடுக்குவது அங்கே நெடுநாள் வழக்கமாம். ஐந்து மாதங்களாக நான் அந்த அறைக்கு முன்னால் இருந்த மேசையில்தான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கேட்கவில்லையே" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த இரண்டாம் அறை திறந்ததும் என் அழகான முடிவுகள் எல்லாம் தலைகீழாகின. பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தச் சிகிச்சையும் நல்ல சிகிச்சையாகத்தான் தெரியும். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதல் நாளே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: இறந்தவர்களின் கோப்பு எங்கே, வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டவர்களின் கோப்பு எங்கே, நெடுநாள் வராதவர்களின் கோப்பு எப்போது அகற்றப்படுகிறது? கடைசிச் சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது ஆறு ஆண்டுகளாவது கோப்பை வைத்திருக்க வேண்டும் என்பது இந்நாட்டு மருத்துவத் தொழில் மன்றத்தின் வழிகாட்டுதல். அதற்கும் பழைய ஆண்டுகளை ஆய்வுக்கு எடுத்தால், ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் கோப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும். மீண்டும் இதே படுகுழிதான்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்த காலம் தொட்டு, எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் இங்கே குடும்பப் பெயர்களாகிவிட்டன. கவுண்டர் கோவெண்டரானார், முதலியார் மூட்லியானார். பிள்ளையும் படையாச்சியும் மட்டும் ஓரளவு அடையாளம் தெரிகிறார்கள். ஒரே வார்டில், ஒரே ஆண்டில், ஒரே முதலெழுத்துடன் மூன்று கோவெண்டர்கள். இருவருக்கு வயதும் ஏறக்குறைய ஒன்று. பெயரை வைத்து இவர்களை மரணப் பதிவோடு பொருத்த முயன்றால், உயிரோடு இருப்பவரைக் கொன்றுவிடுவோம். 13 இலக்க அடையாள எண் ஒன்றே கதி. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த நான்கு 5000க்குக் கீழே இருந்தால் பெண், 5000 முதல் ஆண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. வலப்பக்கத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றை இரட்டித்து, ஒன்பதைத் தாண்டினால் ஒன்பதைக் கழித்து, எல்லாவற்றையும் கூட்டினால் பத்தால் வகுபட வேண்டும். இந்தக் கணக்கை விரிதாளில் போட்டு வைத்தது நான் செய்த ஒரே சாமர்த்தியமான காரியம். கோப்பில் தவறாக எழுதப்பட்ட எண்கள் உடனுக்குடன் சிவப்பாகத் தெரிந்தன. அவற்றில் பலவற்றைச் சேர்க்கைப் பேரேட்டிலிருந்தே திருத்த முடிந்தது.

இதற்கிடையில் இன்னோர் அடி. நெறிமுறை ஒப்புதல் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும். அந்த ஓராண்டு கோப்பைத் தொட்ட நாளிலிருந்து அல்ல, கடிதத்தின் தேதியிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது. புதுப்பிப்பு வரும்வரை ஆறு வாரங்கள் பேனாவை மூடிவைத்தேன். காலாவதிக்கு இரண்டு மாதங்கள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

தொலைபேசிப் பகுதி தடையின்றி நடந்தது. ஒரு அழைப்பை மட்டும் குறிப்பிடுகிறேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் ஆன்ட்டி ஒருவர், என் ஆங்கிலத்தின் ராகத்தைக் கேட்டதுமே, "ஊரிலிருந்து வந்த பெண்ணா?" என்று தமிழில் கேட்டார். கணவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் மாதம் தூக்கத்திலேயே போய்விட்டதாகச் சொன்னார். காரணம் என்னவென்று தெரியுமா என்றேன். சான்றிதழை எடுத்து வந்து நிதானமாகப் படித்தார்: "இயற்கைக் காரணம்." அவ்வளவுதான். இந்நாட்டில் குடும்பத்தின் கைக்கு வரும் சான்றிதழில் பெரும்பாலும் அதற்குமேல் இருப்பதில்லை. மருத்துவர் காரணத்தை எழுதுவது 1663 எண் படிவத்தின் மறைவான பக்கத்தில். அது புள்ளிவிவரத்துக்குப் போகிறது. அங்கேயும் "இதயம் நின்றது" என்றோ காரணம் தெரியவில்லை என்றோ எழுதினால் பயனில்லை. இப்படிப்பட்டவற்றை நோய்ச்சுமை ஆய்வாளர்கள் குப்பைக் குறியீடுகள் என்பார்கள். யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தானே செய்கிறது? அதனால் நான் "எக்காரணத்தாலும் மரணம்" என்பதையே என் முடிவாக வைத்துக்கொண்டேன். அந்த ஆன்ட்டியோ, அவருக்கு மாரடைப்புதானா என்று திரும்ப என்னையே கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமையை என் இசைவுப் படிவம் எனக்குத் தரவில்லை. வார்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எண் கொடுத்தேன்.

அடையாள எண் சரியாக இல்லாதவர்கள் இன்னும் 19 பேர் மிஞ்சியிருக்கிறார்கள். உயிருடன் என்றும் எழுதவில்லை, இறந்தார் என்றும் எழுதவில்லை. பாபா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். இரண்டாம் அறையில் எந்த அடுக்கில் எந்த ஆண்டு இருக்கிறது என்பதற்கு எழுத்தில் எந்தப் பட்டியலும் இல்லை, எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறை அந்த அடுக்குகளை வரைபடமாக வரைந்துகொள்ள ஒரு பெரிய நோட்டும் எடுத்துப் போகிறேன்.