லிட்டில் இந்தியா என்று பதிவு செய்து லாவெண்டரில் போய்ப் படுத்த கதை

சிங்கப்பூரிலிருந்து திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது, பையைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. எங்கே தங்கலாம், எப்படிப் போகலாம், எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் முதல் நாள் ராத்திரி நடந்ததைச் சொல்லாமல் மற்றது எதுவும் வராது போலிருக்கிறது.

நான் பதிவு செய்த ஹாஸ்டலின் பெயருக்குக் கீழே பெரிதாக 'லிட்டில் இந்தியா, நகர மையம்' என்று போட்டிருந்தது. டார்மில், அதாவது பலர் சேர்ந்து தூங்குகிற அறையில், ஒரு படுக்கை, ஒரு ராத்திரிக்கு 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நான் மாற்றியபோது ஒரு வெள்ளிக்கு 66 ரூபாய், கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்கும், தமிழ் பேசினால் புரியும், எல்லாவற்றுக்கும் பக்கம் என்றுதான் அந்த விலைக்கு ஒத்துக்கொண்டேன். சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, எம்.ஆர்.டி ரயில் ஏறி, எக்ஸ்போவில் டவுன்டவுன் லைனுக்கு மாறி, லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கினேன். ராத்திரி பத்தரை மணி. வெளியே வந்து மேப்பைத் திறந்தால் ஹாஸ்டல் இருபது நிமிடத்துக்கு மேல் நடக்கிற தூரத்தில், ஜாலான் புசாரையும் தாண்டி, லாவெண்டர் ஸ்ட்ரீட் பக்கம் இருக்கிறது. அந்தப் புழுக்கத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து போய்ச் சேர்ந்தபோது சட்டை பிழிகிற மாதிரி இருந்தது.

இதில் வயிறு எரிந்த விஷயம் ஒன்று உண்டு. நான் வந்த அதே ரயில் முதலில் பெண்டமியர் என்ற ஸ்டேஷனில் நின்றது. ஹாஸ்டலுக்கு அதுதான் பக்கம். அதைத் தாண்டி ஜாலான் புசார், பென்கூலன், சைனாடவுன், 'டவுன்டவுன்' என்றே பெயர் வைத்த ஒரு ஸ்டேஷன், பூகிஸ், ரோச்சோர் என்று ஊர் முழுக்க ஒரு வளையம் சுற்றி, பதினோராவது நிறுத்தத்தில் போய் இறங்கியிருக்கிறேன். ஒரு பெயரை நம்பியதற்கு இவ்வளவு அலைச்சல்.

வரவேற்பில் இருந்த பையனிடம் கேட்டேன். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. இந்தத் தெருவில் எல்லோரும் இப்படித்தான் போடுகிறோம், லாவெண்டர் என்று போட்டால் வெளிநாட்டுக்காரர்கள் தேடுவதே இல்லை என்றான். மறுநாள் அதே பக்கத்தில், லாவெண்டர் என்றே நேர்மையாகப் போட்டிருந்த இன்னொரு இடத்தில் விசாரித்தேன், 29 வெள்ளி. ஒன்பது வெள்ளி வித்தியாசம், நாலு ராத்திரிக்குக் கிட்டத்தட்ட 2,400 ரூபாய். அவ்வளவும் ஒரு பெயருக்காகக் கொடுத்தது.

லாவெண்டர் என்ற பெயரின் கதை அப்புறம்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு காலத்தில் முழுக்கச் சீனர்களின் காய்கறித் தோட்டங்கள். உரம் மனிதக் கழிவு. நாற்றம் தாங்காமல், கிண்டலாக வைத்த வாசனைப் பூவின் பெயர் அது, 19-ஆம் நூற்றாண்டில் அதுவே தெருப் பெயராக நிலைத்துவிட்டது. பக்கத்தில் காலாங் எரிவாயு ஆலையும் வந்து சேர்ந்தது. நாற்றத்தை மறைக்காமல் கேலி செய்து வைத்த அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. அதை மறைத்து மேலே இன்னொரு பெயரை ஒட்டி வாடகையை ஏற்றுவதுதான் பிடிக்கவில்லை.

சரி, அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே தேக்காவுக்குப் போனேன். சிராங்கூன் சாலை முனையில் இருக்கிற தேக்கா சென்டர். கீழே ஈரச்சந்தையும் உணவுக் கடைகளும், மேலே துணிக்கடைகள். ஆட்டு பிரியாணி 8 வெள்ளி, தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) 1.60. தட்டில் குவித்த சோறு, அதற்குள் புதைந்து கிடக்கிற எலும்போடு கூடிய பெரிய துண்டு, மேலே ஒரு கரண்டி குழம்பு, ஓரத்தில் வெள்ளரிக்காய். கறி விரல் பட்டதும் கழன்றது. அந்த மசாலாவில் ஏலக்காய் தூக்கலாக இருந்தது, எங்கள் ஊர் பிரியாணியில் அப்படிப் போடமாட்டார்கள். ஆனால் அந்தக் குழம்போடு பிசைந்து சாப்பிடும்போது அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. பட்ஜெட்டில் காலைச் சாப்பாட்டுக்கு 4 வெள்ளிதான் ஒதுக்கியிருந்தேன். பரவாயில்லை, மதியம் சாப்பிடாமல் இருந்துவிட்டேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த தம்பி புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை, அன்று லீவு. லிட்டில் இந்தியாவில் வேறு என்ன பார்க்கலாம் என்று அவரிடம் கேட்டேன். "அண்ணே, அது எம்.ஆர்.டி-யில போட்ருக்க பேரு. நாங்க யாரும் அப்டி சொல்றதில்ல. தேக்கா, இல்லன்னா முஸ்தபா கிட்டன்னு சொல்லுவோம்" என்றார். முஸ்தபா அங்கே இருக்கிற பெரிய கடை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு போன் வந்தது, "தேக்காவுல இருக்கேன்டா, பிரியாணிக் கடைக்கு எதுத்தாப்புல வா" என்றார். பத்து நிமிடத்தில் மூன்று பேர் சரியாக அந்த மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். முந்தின நாள் நான் பெயரை நம்பி அலைந்த அலைச்சலோடு இதை வைத்துப் பார்த்தேன்.

இந்தத் தேக்கா என்ற பெயருக்கு ஒரு போராட்டமே உண்டு. ஹொக்கியன் சீனத்தில் மூங்கிலடி என்று பொருள், ரோச்சோர் கால்வாய் ஓரம் மூங்கில் வளர்ந்து கிடந்த காலத்துப் பெயர். மலாய்க்காரர்களுக்கு அதே இடம் கண்டாங் கெர்பாவ், எருமைக் கொட்டில். 1982-இல் புதுக் கட்டடம் வந்தபோது, மாண்டரின் உச்சரிப்பில்தான் எழுத வேண்டும் என்று ஜூஜியாவ் சென்டர் எனப் பலகை வைத்தார்கள். அதே எழுத்துகள்தாம், வேறு உச்சரிப்பு. ரோமன் எழுத்தில் அதைப் படித்தால் பன்றிக்கால் என்றும் படிக்கலாம். சந்தையில் இருந்த தமிழரோ மலாய்க்காரரோ வயதான ஹொக்கியன்காரரோ யாரும் அதை வாயில் எடுக்கவில்லை. கடைசியில் 2000-இல் தேக்கா சென்டர் என்றே திரும்ப வைத்துவிட்டார்கள். மீன் வாங்க வந்தவர்களும் கீரை விற்றவர்களும் சும்மா பழைய பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்ததால் ஒரு அரசாங்கப் பலகை இறங்கியது என்பதை நினைக்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

அங்கிருந்து சும்மா நடந்தேன். பஃபலோ ரோடு என்றால் எருமை. பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு, மலாயில் அதுவும் எருமை. கொஞ்சம் தள்ளி லெம்பு ரோடு, லெம்பு என்றால் மாடு, ஞாயிற்றுக்கிழமை அங்கே பங்களாதேஷ்காரர்கள் கூட்டம். கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரி ஒருவர் பெயரில் பெலிலியோஸ் ரோடு. ஒரு தெருப் பலகையைப் படித்தால் போதும், இந்த ஊர் எதை வைத்துப் பிழைத்தது என்று தெரிந்துவிடும். லிட்டில் இந்தியா என்ற பெயர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. அது 1980-களில் சுற்றுலாவுக்காகப் பரப்பப்பட்ட பெயர், 1989-இல் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்தபோது வரைபடத்திலும் உறுதியாகிவிட்டது. கெர்பாவ் ரோட்டில் வானவில் மாதிரி வண்ணம் அடித்த ஒரு வீடு இருக்கிறதே, 'லிட்டில் இந்தியா' என்று தேடினால் முதலில் வருகிற படம், அது 1900-இல் கட்டிய சீன வியாபாரி ஒருவரின் வீடு. டான் தெங் நியா வீடு என்று பெயர். அதன் முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பலகையைப் படித்தார்கள்?

நம்ம ஆட்கள் தாங்களே வைத்த பெயர் ஒன்று இருந்தது: சுண்ணாம்புக் கம்பம். சிராங்கூன் சாலையில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன, அங்கே வேலை செய்தவர்கள் தமிழர்கள். கம்பம் என்றால் தேனிப் பக்கத்து ஊர் இல்லை, மலாயில் கிராமத்துக்குச் சொல்கிற கம்போங் தமிழ் வாயில் அப்படி ஆகிவிட்டது, சிங்கப்பூர்த் தமிழர்கள் இன்றைக்கும் கம்பம் என்றுதான் சொல்கிறார்கள். வீரமாகாளியம்மன் கோயிலையே முன்னால் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றுதான் சொன்னார்களாம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெந்து போன கைகளோடு சுண்ணாம்பு அள்ளியவர்கள் ஒரு பெயரும் வைத்து, காளியையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷன் பலகையில் தமிழில் என்ன இருக்கிறது தெரியுமா? 'லிட்டில் இந்தியா'. ஆங்கிலத்தை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற நாட்டில், அந்த ஒரு வரியிலாவது சுண்ணாம்புக் கம்பம் என்று போட்டிருக்கலாம், போட வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால் சீனர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். சைனாடவுன் ஸ்டேஷனில் சீன எழுத்தில் இருப்பது சைனாடவுன் இல்லை, 'நியூ சே ஷுய்', அதாவது மாட்டுவண்டித் தண்ணீர். கிணற்றுத் தண்ணீரை மாட்டு வண்டியில் கொண்டுவந்த காலத்துப் பெயர். மலாயில் அதுவே கிரேத்தா ஆயர். வெளியாருக்கு ஒரு பெயர், தங்களுக்குள் ஒரு பெயர்.

சைனாடவுனுக்குத் திங்கள்கிழமை போனேன், நினைவுப் பொருள் கடைகள் எல்லாம் ஒரே விலை, ஒரே சாமான், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் பகோடா ஸ்ட்ரீட் முனையில் நின்றபோது சிலிர்த்தது. சீனப் பகோடாவாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே தெரிந்தது மாரியம்மன் கோயில் கோபுரம்! வெள்ளைக்காரர்களுக்குக் கோபுரம்தான் பகோடா, தெருவுக்கு அந்தப் பெயர். 1827-லிருந்து இருக்கிற கோயில், நாராயண பிள்ளை தொடங்கியது. கோயிலின் மறுபக்கம் டெம்பிள் ஸ்ட்ரீட், அதுவும் இதே கோயிலால். இந்தப் பக்கம் மாஸ்க் ஸ்ட்ரீட், அது தமிழ் முஸ்லிம்களான சூலியாக்களின் ஜாமே பள்ளிவாசலால் வந்தது. சைனாடவுன் என்று முத்திரை குத்திய இடத்தின் நடுவில் மூன்று தெருக்கள் தமிழர் கும்பிட்ட இடங்களின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. அங்கிருந்து ஆற்றுப் பக்கம் நடந்தால் சூலியா ஸ்ட்ரீட். அதற்கு முன்னால் கிளிங் ஸ்ட்ரீட் என்று பெயர். அந்தச் சொல் இந்தியர்களை இழிவாகக் குறிக்கிறது என்று எதிர்ப்பு வந்து 1920-களின் தொடக்கத்தில் மாற்றினார்கள். பெயரை மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, இந்த மாற்றத்தைக் கேட்டவர்கள் அந்தப் பெயரால் கூப்பிடப்பட்டவர்கள்.

செலவுக் கணக்கு சுருக்கமாக: சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 20 வெள்ளி தாராளம், தேக்காவிலும் உணவங்காடிகளிலும் சாப்பிட்டால். ரேஸ் கோர்ஸ் ரோட்டு மீன் தலைக் கறி ஆசையாக இருந்தது, தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது, நாலு பேராகப் போங்கள். ஹாஸ்டல் பதிவு செய்யும்போது பகுதிப் பெயரைப் பார்க்கவே பார்க்காதீர்கள், தெருப் பெயரையும் பக்கத்து எம்.ஆர்.டி ஸ்டேஷனையும் மட்டும் பாருங்கள்.

நான் தங்கிய இடத்துக்கு நேற்று மதிப்புரை எழுதினேன். படுக்கை சுத்தம், ஏசி நன்றாக இருந்தது, அதையும் சொல்லியிருக்கிறேன். முதல் வரியில் எழுதியது இது: 'இந்த இடம் லாவெண்டர் ஸ்ட்ரீட். பெண்டமியரில் இறங்குங்கள். தேக்காவுக்கு இருபது நிமிடம் நடக்க வேண்டும்.'