எந்த மனைக்கு ஃபென்சிங்?

போகிக்குப் பரணை ஒழித்தபோது அந்த நீளப் பை தலையில் விழுந்தது. ஜிப் துருவேறி நகர மறுத்தது. “ஏண்டி, எரிக்கிற குவியல்ல போட்டுடட்டா?” என்றாள் அம்மா கீழே இருந்து. உள்ளே இருப்பது இரும்பு, எரியாது என்று சொல்லித் தப்பித்தேன்.

இரண்டு எப்பே, வாள்வீச்சு விளையாட்டின் வாள். ஒன்றின் முனை அமுங்கியது அமுங்கியபடி உறைந்து கிடந்தது.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இந்தப் பையோடு மூன்று வருஷம் பஸ்ஸில் போனவள் நான். முதல் வாரமே கண்டக்டர், “என்னம்மா, தூண்டிலா?” என்றார். “ஃபென்சிங் சார்.” பின் சீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, கிருமாம்பாக்கத்தில் தனக்கு ஆறு சென்ட் மனை இருக்கிறது, கம்பிவேலி போட அடிக்கு என்ன ரேட் என்று விசாரித்தார். அதற்கப்புறம் “வாள்வீச்சு” என்று சொல்ல ஆரம்பித்தேன். “சிலம்பம் மாதிரியா?” என்பார்கள். ஆமாம் என்றுவிடுவேன். தவளக்குப்பம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது?

இங்கே சொல்கிறேன். ஃபாயில், சேபர், எப்பே என்று வாள் மூன்று வகை. ஃபாயிலில் முனையால் குத்த வேண்டும், அதுவும் உடம்பின் நடுப்பகுதியில். சேபரில் இடுப்புக்கு மேல் தலை, கை எல்லாம் கணக்கு, வெட்டவும் செய்யலாம். இந்த இரண்டிலும், வாள் பட்டதைக் காட்டும் பல்பு இரண்டு பேருக்கும் எரிந்துவிட்டால், தாக்கும் உரிமை யார் பக்கம் இருந்தது என்று ரெஃப்ரி தீர்ப்பு சொல்வார். எப்பேயில் அந்த வழக்கே கிடையாது. உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரை எங்கே பட்டாலும் புள்ளி. 1/25 நொடிக்குள் இரண்டு பேரும் குத்தினால் இருவருக்கும் ஒவ்வொன்று. தம்பியோடு பஞ்சாயத்து பண்ணியே வளர்ந்தவளுக்கு அது பெரிய நிம்மதி.

முத்தியால்பேட்டையில் அத்தை வீட்டுக்கு எதிரே ஒரு சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், இருந்தார். எப்பே என்றால் பிரெஞ்சில் வாள் என்று அவர்தான் சொன்னார். ரெஃப்ரி “ஆலே” என்று கத்தியதும் முதல் ஆட்டத்தில் நான் அப்படியே நின்ற கதையைக் கேட்டு, “அவன் போன்னு சொல்றான், நீ நிக்கிறியே!” என்று சிரித்தார்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் உண்டு. ஆட்டத்தில் வித்தியாசமே இல்லை. அதே 14 மீட்டர் பிஸ்ட் (ஆடுகிற நீளப் பாதை), 90 செ.மீ.க்கு மிகாத பிளேடு, 770 கிராமுக்கு மிகாத வாள், நாக் அவுட் என்றால் அதே 15 டச். எங்களுக்கு மார்புக் கவசம் கட்டாயம், அவ்வளவுதான். வித்தியாசமெல்லாம் ஸ்டோர் ரூமில் இருந்தது. வாளோடு ஒயரில் இணைத்தால் பல்பு எரிந்து புள்ளி காட்டும் ஸ்கோர் பெட்டியில் வேலை செய்தது ஒன்றே ஒன்று. சாயங்காலம் அது ஆண்களுக்கு. எங்கள் முறை வரும்போது எனக்குக் கடலூர் பஸ் கிளம்பியிருக்கும். ஒயர் இல்லாமல் ஆடினோம். “பட்டுச்சு!” “படல!” மறுபடியும் பஞ்சாயத்து.

இரண்டாம் வருஷம் ஆண்கள் அணியில் பாதிப் பேர் அரியரில் மாட்டிக்கொண்டார்கள். ஜோடிக்கு ஆள் இல்லாததால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். சமத்துவம் எல்லாம் யார் மனதிலும் இல்லை. எனக்குக் கிடைத்தவர் ஆறடி சீனியர். அவர் கை நீண்டால் என் மாஸ்க் வரை வரும். முதல் மாதம் முழுக்க அடி வாங்கினேன். அப்புறம் அந்த நீண்ட கையின் மணிக்கட்டுதான் எனக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது என்று புரிந்தது.

ஒலிம்பிக்கில் வாள்வீச்சு 1896-லிருந்தே உண்டு. பெண்களுக்கு 1924-ல் ஃபாயிலை மட்டும் விட்டார்கள். எப்பே 1996-ல், சேபர் 2004-ல். என் வாள் அங்கே நுழையும்போது நான் பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டேன். சென்னைப் பெண் பவானி தேவி, ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்திய வாள்வீச்சுக்காரர், ஆடியது சேபர். 2021 ஜூலையில் டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்து, அடுத்ததை 7-15 என்று தோற்றார். அன்றைக்கு ஆபீஸில் மூன்று பேர் என் மேஜைக்கு வந்து, “ஃபென்சிங்னா இதுவா?” என்றார்கள்.

என் தோல்விக்குக் காரணம் கடல் காற்று. சிரிக்காதீர்கள். பிஸ்ட்டில் ஏறியதும் எப்பே முனையில் 750 கிராம் எடையை வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு இரண்டு ராத்திரி ரயிலில் போய் இறங்கினோம். உப்பு தின்ற என் ஸ்பிரிங் தூக்கவில்லை. மஞ்சள் அட்டை. கை நடுக்கத்தோடு மாற்று வாளில் ஆடி 4-5.

அடுத்த ஆட்டத்துக்குள் அந்த மாற்று வாளும் படுத்துவிட்டது. சீனியர் ஒன்றும் பேசாமல் தன்னுடையதை நீட்டினார். பிடி என் கைக்குப் பெரியது, கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டேன். அதில் இரண்டு ஆட்டம் ஜெயித்தேன்.

பையில் உறையாமல் கிடந்தது அதுதான். திருப்பிக் கொடுக்கவே இல்லை. தையல் மெஷின் எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். முனை இன்னும் அமுங்கி எழுகிறது.