யாருக்கு அந்தச் சோறு?

மறுபிறவி உண்டென்றால் தாத்தா இந்நேரம் எங்கேயோ பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் அமாவாசைக்கு நாம் படைப்பது யாருக்கு? எந்தப் பிறவியில் இருந்தாலும் அதற்கேற்ற உணவாக மாறிப் போய்ச் சேருமாம். சாஸ்திரம் தெரிந்தவர்கள் சொல்வது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் இறந்தவர்களைப் புதைத்த பழங்காலத் தாழிகளிலும் நெல் உமியும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. அந்தக் காலத்திலேயே கட்டுச்சோறு கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் போல!

பக்கத்து வீட்டு பாய்க்கு இந்தக் குழப்பமே இல்லை. கபரில், அதாவது புதைகுழியில், முன்கர், நகீர் என்ற இரு வானவர்கள் கேட்கும் கேள்விகள், பிறகு மறுமை நாள்வரை காத்திருப்பு.

எங்கள் சித்தப்பா பெரியார் வழி. செத்தால் அவ்வளவுதான் என்று உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். சித்தியின் கவலை வேறு: "எரிக்கவும் இல்லாம, புதைக்கவும் இல்லாம பதினாறாம் நாள் காரியத்தை எங்க வச்சு செய்யிறது?"