மூன்று போர்ஷன் கரண்ட் பில்லும் ஒரே ஒரு ‘ஐ’யும்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருப்பது மூன்று போர்ஷன் வீடு, ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர். எட்டாவது முடித்த மகளுக்கு லீவில் ப்ரோகிராமிங் சொல்லித் தரலாம் என்று உட்கார்ந்தேன். சொல்லித் தரும் அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். சரி, இரண்டு பேரும் சேர்ந்தே கற்றுக்கொள்வோம் என்று ஒப்பந்தம்.

எடுத்தது ஸ்மால் பேசிக் என்ற எளிய நிரல் மொழி. 2008இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, உருவாக்கியவர் விஜயே ராஜி. மொத்தமே 14 குறிச்சொற்கள்தான் (மொழியே தனக்கென ஒதுக்கிவைத்த கட்டளைச் சொற்கள்), அதனால் பயமில்லாமல் இறங்கினோம். படம் வரைவது, பெயர் கேட்டு வணக்கம் சொல்வது எல்லாம் இரண்டு நாளில் அலுத்துவிட்டது. “உருப்படியா ஏதாவது பண்ணலாம்பா” என்றாள். மீட்டர் பெட்டிக்குள் செருகியிருந்த பழைய அட்டைகளை எடுத்து வந்தோம்.

கணக்கு இதுதான். 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. (அதற்கப்புறம் விலை ஏறியிருக்கிறது. எங்கள் அட்டைகள் 2023 மே மாதத்தவை என்பதால் பழைய விலையே போதும்.) 500ஐத் தாண்டினால் வேறு பட்டியல், அதைப் பிறகு சொல்கிறேன். கீழ் போர்ஷன் 180 யூனிட், நாங்கள் 410, மாடி 520.

முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதே பத்து வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டினோம். விலையில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்திருந்தேன்; மூன்று இடத்தில் திருத்த வேண்டியதாயிற்று, இரண்டில்தான் திருத்தினேன். அங்கேதான் சப்ரூட்டின், அதாவது ஒரு தடவை எழுதிப் பெயர் வைத்துவிட்டு வேண்டியபோது கூப்பிடும் வரிகள், தேவைப்பட்டது. ‘சப்’ என்று தொடங்கி, பெயர் வைத்து, ‘எண்ட்சப்’ என்று முடித்தால் ஆயிற்று. வேண்டிய இடத்தில் பெயரையும் காலி அடைப்புக்குறியையும் போட்டால் அங்கே போய் வேலையை முடித்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பும். இந்தத் திரும்பி வருகிற தந்திரம் 1949இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியிலேயே இருந்தது, டேவிட் வீலர் செய்தது. 1964இல் வந்த முதல் பேசிக் மொழியிலும் ‘கோசப்’ என்று இதற்கொரு கட்டளை உண்டு.

அந்த அடைப்புக்குறி கடைசிவரை காலியாகத்தான் இருக்கும் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. ஸ்மால் பேசிக்கின் சப்ரூட்டினுக்குள் எதையும் அனுப்ப முடியாது, அதுவும் எதையும் திருப்பித் தராது. எல்லா மாறிகளும் (மதிப்பைப் போட்டுவைக்கும் பெயர்கள்) நிரல் முழுக்கப் பொது. கூப்பிடுவதற்கு முன் ‘அலகு’ என்ற மாறியில் எண்ணைப் போட்டுவிட்டு, கூப்பிட்ட பிறகு ‘தொகை’யில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும்.

வெளியே ஒரு சுற்று (அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது): ‘ஐ’ என்ற மாறி 1 முதல் 3 வரை, வீட்டுக்கு ஒன்று. சப்ரூட்டினுக்குள் இன்னொரு சுற்று: நான்கு விலை அடுக்குகளுக்கு, அதற்கும் நான் வைத்த பெயர் ஐ. ஓட்டினோம். மூன்று வரி வரவேண்டிய இடத்தில் ஒரே வரி:

வீடு 5: 180

எங்கள் வீட்டில் ஐந்தாவது போர்ஷனே கிடையாது. 180 யூனிட்டுக்கு 180 ரூபாய் என்றதும் கணக்கே நடக்கவில்லை, போட்ட எண் அப்படியே வெளியே வருகிறது என்று முடிவு கட்டி, அரை மணி நேரம் சரியாக இருந்த வரிகளையெல்லாம் கலைத்தேன். அப்புறம் அவள்தான் காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். இலவசம் போக 80 யூனிட், 2.25 வீதம் 180 ரூபாய். சரியான விடைதான்!

தப்பு ‘5’இல் இருந்தது. ஒவ்வொரு தடவை முடிந்ததும் ஐயில் ஒன்று கூடும், அதனால் உள்சுற்று நான்கு முடித்து வெளியேறும்போது ஐயின் மதிப்பு 5. வெளிச்சுற்றுக்கும் அதே ஐ. அது அதை 6 ஆக்கி, மூன்றைத் தாண்டிவிட்டது என்று கடையைச் சாத்திவிட்டது. எங்கள் கடைக் கல்லா பக்கத்தில் ஒரே ரஃப் நோட்டு உண்டு. நான் பாதி கூட்டலில் எழுந்து போனால் அடுத்தவர் அதே பக்கத்தில் வேறு பில்லைக் கூட்டிவைப்பார். அதே கதை. உள்ளே இருப்பதற்கு ‘அடுக்கு_ஐ’ என்று பெயர் மாற்றினோம். அன்றிலிருந்து சப்ரூட்டினுக்குள் புழங்கும் ஒவ்வொரு மாறிக்கும் அந்தச் சப்ரூட்டினின் பெயரையே இன்ஷியலாக வைப்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மறுபடி ஓட்டினால் எங்கள் போர்ஷனுக்கு 1365. அட்டையில் இருந்தது 1185. வித்தியாசம் 180, கீழ் வீட்டு பில்லும் எங்கள் தலையில்! உள்ளே நுழைந்ததும் தொகையைப் பூஜ்யமாக்க மறந்திருந்தோம். தினமும் பழைய பாக்கி பார்க்கிற எனக்கு இது ஒரு நிமிடத்தில் பிடிபட்டது, கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் அதையே எழிலில் எழுதிப் பார்த்தோம். முத்து அண்ணாமலை உருவாக்கிய, பைத்தான் மேல் ஓடும் தமிழ் நிரல் மொழி. இங்கே சப்ரூட்டினுக்கு ‘நிரல்பாகம்’ என்று பெயர், அடைப்புக்குறியும் காலியாக இருக்க வேண்டியதில்லை:

நிரல்பாகம் அடுக்கு( அலகு, கீழ், மேல், விலை )
  @( அலகு <= கீழ் ) ஆனால்
    பின்கொடு 0
  முடி
  @( அலகு > மேல் ) ஆனால்
    பின்கொடு (மேல் - கீழ்) * விலை
  முடி
  பின்கொடு (அலகு - கீழ்) * விலை
முடி

நிபந்தனை முன்னால், ‘ஆனால்’ பின்னால். நாம் பேசுகிற வரிசையே அதுதான் என்பதால் அவளுக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. தடுக்கியது வேறு இடம். விடையைத் திருப்பித் தரும் ‘பின்கொடு’ போட வேண்டிய இடத்தில் முதலில், திரையில் மட்டும் காட்டும் ‘பதிப்பி’யைப் போட்டிருந்தாள். திரையில் எண் அழகாகத் தெரிந்தது, நான்கு அடுக்கையும் கூட்டப் போனால் கையில் ஒன்றும் இல்லை. “காசை எண்ணிக் காட்டிட்டு, பையிலேயே வச்சுக்கிட்டா எப்படிம்மா?” என்றேன். அதற்கப்புறம் மறக்கவில்லை.

இப்போது மாடி வீடு. அந்த 2022 கட்டணப்படி 500ஐத் தாண்டினால் 2.25 அடுக்கே கிடையாது. 101 முதல் 400 வரை முழுக்க 4.50, அடுத்த நூறுக்கு 6, 501 முதல் 600 வரை 8, பிறகு 9, 10, 11 என்று ஏறும். நிரல்பாகத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை, கூப்பிடும்போது வேறு எண்களைக் கொடுத்தோம், அவ்வளவுதான். 520 யூனிட்டுக்கு 2110 வந்தது. விளையாட்டாக 500ஐயும் 501ஐயும் போட்டாள். 1725, 1958.

“ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாயாப்பா?” என்று இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். பிழை இல்லை. 8 ரூபாய் அந்த யூனிட்டுக்கு, 225 ரூபாய் கைவிட்டுப்போன அடுக்குக்கு. மாடி மாமியிடம் சொல்ல ஓடினாள். இருபது யூனிட் குறைத்திருந்தால் 385 ரூபாய் மிச்சம் என்று கேட்டதும் மாமி எழுந்து போய் காலி ஹாலில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அணைத்தாராம்.