ராணுவ நர்ஸ் பணியும் கல்விக்கடனும்

ராணுவத்தில் நர்ஸாகச் சேர்ந்தால் கல்விக்கடனை ராணுவமே அடைத்துவிடும் என்று சொல்லும் காணொளிகள் வாட்ஸ்அப் வழியாகக் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் வந்து சேர்கின்றன. வங்கியில் கல்விக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அது மெய்தானா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. மெய்தான், ஆனால் அது அமெரிக்க ராணுவத்தைப் பற்றிய செய்தி.

அங்கே தரைப்படையில் நர்ஸ் அதிகாரியாகச் சேர்பவருக்கு, துறையின் தேவையைப் பொறுத்து, ஆண்டுக்கு 40,000 டாலர் வரையிலும் மொத்தமாக 1,20,000 டாலர் வரையிலும் கடன் அடைக்கப்படுவதுண்டு. பணம் அவர் கைக்கு வராமல் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே போகும். அதையும் வருமானமாகக் கணக்கிட்டு வரி பிடித்துக்கொள்வதால், காணொளியில் சொல்லப்படும் தொகை முழுவதும் கடனில் கழியாது. பதிலுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியில் இருந்தாக வேண்டும். முழுநேரப் பணியில் அதிகாரியாவதற்கு அந்நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்பதை மட்டும் காணொளிக்காரர்கள் ஏனோ சொல்வதில்லை.

நம் நாட்டில் 1888-இல் தொடங்கிய ராணுவ நர்சிங் சேவையில், வாங்கிய கடனை அடைத்துத் தரும் திட்டம் எதுவும் இல்லை. கடனே வாங்காமல் படிக்கும் வழிதான் உண்டு. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு இடங்களில் உள்ள ராணுவ நர்சிங் கல்லூரிகளில் மொத்தம் 220 இடங்கள் இருக்கின்றன. பெண்களுக்கு மட்டுமான இந்த நான்காண்டு பி.எஸ்ஸி. படிப்பில் உணவு, தங்குமிடம், உதவித்தொகை எல்லாம் அரசுடையவை. படிப்பை முடித்ததும் படையில் பணியாற்றுவதாக ஒப்பந்தப் பத்திரம் எழுதித் தர வேண்டும். மீறினால் செலவுத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு இரண்டு மணி நேரப் பயணம் என்றாலும், அங்குள்ள விமானப்படை மருத்துவமனையில் இப்படி ஒரு படிப்பு இருப்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது.

தெரிந்தவர்களும் நீட் தேர்வை எழுதாமல் விட்டுத்தான் வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு நடப்பதால், நீட் என்பது டாக்டர் படிப்புக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. ராணுவக் கல்லூரிக்கோ நீட் மதிப்பெண் இல்லாமல் விண்ணப்பிக்கவே இயலாது; அதன் பிறகு கணினி வழித் தேர்வு, உளவியல் மதிப்பீடு, நேர்காணல், உடல் தகுதிச் சோதனை ஆகியவையும் இருக்கின்றன. டாக்டர் ஆகும் எண்ணமே இல்லாத பெண்ணும் நீட் விண்ணப்பத்தைப் போட்டு வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பதினேழு வயதில் செய்ய வேண்டிய இந்த ஏற்பாட்டை இருபத்திரண்டில், கடனைக் கட்டச் சொல்லி வங்கிக் கடிதம் வந்த பிறகு செய்ய முடியாது.

ஏற்கெனவே தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படித்து முடித்தவர்களுக்கு, ராணுவ நர்சிங் சேவையிலேயே குறுகிய காலப் பணி என்னும் வழி இருக்கிறது. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பெண்களுக்கு, 2024 ஜனவரியில் தேசியத் தேர்வு முகமை இதற்கான தேர்வை நடத்தியது. இதிலும் கடன் தள்ளுபடி கிடையாது, கிடைப்பது சம்பளம். தொடக்க அதிகாரிப் பதவியான லெப்டினன்ட் நிலையில் அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், அதன் மேல் ராணுவப் பணி ஊதியம் 10,800 ரூபாய், அகவிலைப்படி தனி. நான்கு லட்சம் ரூபாய்க் கடனைப் பத்து சதவீத வட்டியில் பத்தாண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 5,300 ரூபாய். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, சிறிய தனியார் மருத்துவமனைகளில்கூட நர்ஸ்களுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016-இல் பரிந்துரைத்தும், அதற்குக் கீழே வாங்குகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சுமையாகும் தவணை, ராணுவச் சம்பளத்தில் எளிதாகக் கழிந்துவிடும்.

வழக்கமான கல்விக்கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் வட்டி அந்த நாட்களிலும் ஏறிக்கொண்டிருக்கும். குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரி உரிய தரச்சான்று பெற்றிருந்தால் அந்த வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்தச் சான்றைப் பார்த்துவிடுவது நல்லது. வேலை கிடைத்தபின் பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்கள், கட்டிய வட்டியை வருமான வரிச் சட்டப்படி எட்டு ஆண்டுகள் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

ராணுவத்தில் சேர்ந்தவுடன், சம்பளக் கணக்கிலிருந்து தவணை தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கடன் பத்திரத்தில் தந்தையும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டிருப்பார். மகள் எங்கோ எல்லைப்புற மருத்துவமனையில் இருக்கும்போது தவணை தவறினால், இங்கே கறவை மாட்டுக் கடனுக்குப் போகும் தந்தைக்கு, கடனை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் சிபில் மதிப்பெண் குறைந்ததைச் சொல்லி வங்கி கையை விரிக்கக்கூடும்.