விரலில் அணியும் ஸ்லைடின் உட்புறம்

கம்பிகளின்மேல் வழுக்கி வாசிப்பதற்காக விரலில் மாட்டிக்கொள்ளும் குழாய்தான் ஸ்லைடு. கிட்டார் வாசிப்பவர்களிடம் ஸ்லைடைப் பற்றிப் பேச்செடுத்தால், அது பெரும்பாலும் கண்ணாடியா பித்தளையா என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கண்ணாடியில் நாதம் இழைகிறது, பித்தளையில் கனக்கிறது, எவர்சில்வரில் பளீரென்று வருகிறது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எனக்கென்று ஒரு ஸ்லைடை வரைந்து லேத் பட்டறையில் கடைந்து வாங்க முற்பட்டபோது, கம்பியைத் தொடும் வெளிப்புறத்தைவிட விரலைத் தொடும் உட்புறத்தைப் பற்றியே அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது.

விரலில் மாட்டி வாசிப்பவர்கள் நெடுங்காலம் கைக்குக் கிடைத்ததையே மாட்டிக்கொண்டார்கள். மிசிசிப்பிப் பகுதியின் கறுப்பினக் கலைஞர்களிடம் உடைத்துத் தேய்த்த பாட்டில் கழுத்து இருந்தது. ராக் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் கோரிசிடின் என்ற சளி மாத்திரை வந்த கண்ணாடிக் குப்பியை மோதிர விரலில் அணிந்தார். லிட்டில் ஃபீட் குழுவின் லோவெல் ஜார்ஜ் வாகனப் பழுதுக்கான 11/16 அங்குல ஸ்பார்க் பிளக் சாக்கெட்டையே எடுத்துக்கொண்டார். இவையெல்லாம் வேறு வேலைக்காகச் செய்யப்பட்டு, விரல் நுழைந்த ஒரே தகுதியால் இசைக்கு வந்தவை. கடையில் விற்கும் ஸ்லைடுகளில் பலவும் இன்றும் அதே நேர்க்குழாய் வடிவில்தான் இருக்கின்றன. விரலோ நேர்க்குழாய் அல்ல. மூட்டில் பருத்து, நுனியை நோக்கிச் சிறுத்து, வளைந்துகொடுக்க வேண்டிய ஓர் உறுப்பு.

மடியில் அல்லது தரையில் கிடத்தி வாசிக்கும் கருவிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஹவாயைச் சேர்ந்த ஜோசப் கெகுகு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பிய முறையில் கிட்டார் மடியில் படுத்திருக்கும், உருக்குத் துண்டு கையில் இருக்கும். நம்முடைய கோட்டு வாத்தியத்திலும் கருங்காலிக் கட்டையையோ, இக்காலத்தில் டெஃப்லான் உருளையையோ இடக்கையில் பிடித்து மேலிருந்து வைக்கிறார்கள். அங்கே கட்டையின் எடையே கம்பியின்மேல் அமர்ந்து பாதி வேலையைச் செய்துவிடுகிறது. கிட்டாரை வழக்கம்போல் நிமிர்த்திப் பிடிக்கும்போது கம்பிகளுக்கு அடியிலிருக்கும் பலகையான ஃபிரெட்போர்டு செங்குத்தாக நிற்பதால், ஸ்லைடின் எடை கம்பியை அழுத்துவதில்லை. அது ஸ்லைடை விரலின் அடிப்பகுதியை நோக்கி இழுக்கிறது. கம்பியின்மேல் வேண்டிய அழுத்தம் முழுவதையும் விரல்தான் கொடுத்தாக வேண்டும் என்பதால், விரலுக்கும் உலோகத்துக்கும் இடையே தளர்வு இருந்தால் அந்தத் தளர்வு அப்படியே சுருதியில் கேட்கும்.

எவ்வளவு கேட்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 648 மி.மீ. கம்பி நீளமுள்ள கிட்டாரில், ஃபிரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் 12ஆவதன் அருகே ஸ்லைடு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் சுருதி ஏறத்தாழ 5 சென்ட் மாறும், அதாவது ஓர் அரைச்சுரத்தில் இருபதில் ஒரு பங்கு. முதல் ஃபிரெட்டருகே அதே ஒரு மில்லிமீட்டருக்கு 3 சென்ட்டுக்கும் சற்றுக் குறைவுதான். 12ஆவது ஃபிரெட்டில் முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையே சுமார் 44 மி.மீ. தொலைவு இருப்பதால், ஸ்லைடு ஒரு டிகிரி சாய்ந்தாலே இரு ஓரக் கம்பிகளுக்கிடையே 4 சென்ட் வேறுபாடு வந்துவிடும். ஒற்றைக் கம்பியில் பாடும்போது காது இதைத் திருத்திக்கொள்ளும். கம்பிகளை வெறுமனே மீட்டினாலே ஜி கார்டு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் சேர்க்கை) வரும் திறந்த ஜி சுருதியமைப்பில் முழுக் கார்டையும் ஒருசேர மீட்டும்போது யாராலும் மறைக்க முடியாது.

எந்த விரல் என்பது அடுத்த கேள்வி. ஸ்லைடு கலைஞர்களில் போனி ரைட் நடுவிரலில் அணிகிறார், ரை கூடர் சுண்டு விரலில். நான் சுண்டு விரலைத் தேர்ந்துகொண்டேன். மற்ற மூன்று விரல்களும் கார்டு பிடிக்கக் கிடைக்கும் என்பது ஒரு காரணம். ஸ்லைடுக்கும், கிட்டாரின் தலைப்பக்கத்தில் கம்பிகள் அமரும் நட்டு என்ற துண்டுக்கும் இடையே எஞ்சியிருக்கும் கம்பித் துண்டு தானும் அதிர்ந்து வேண்டாத ஓசையெழுப்பும்; அதை அணைக்க ஸ்லைடுக்குப் பின்னால் விரல்கள் தேவை என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் சுண்டு விரல் எல்லாவற்றிலும் மெலிந்தது, வலுவற்றது. ஸ்லைடு அதன் நடு மூட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால் விரல் கட்டுப்போட்டதுபோல் விறைத்து நிற்கும். ஆகவே குழாயின் வாய் மூட்டுக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட வேண்டும் என்றும், ஆறு கம்பிகளையும் மூடத் தேவையான நீளத்தை விரல் நுனிக்கு அப்பால் நீட்டிப் பெறுவது என்றும் முடிவுசெய்தேன். மொத்த நீளம் 50 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ.

இங்கேதான் வடிவமைப்பின் உண்மையான முடிச்சு இருக்கிறது. விரலை மடக்கும்போது உள்ளங்கைப் பக்கச் சதை திரண்டு குழாயின் விளிம்பில் முட்டும். அந்தப் பக்கத்து விளிம்பைச் சாய்வாக வெட்டிவிட்டால் விரல் தாராளமாக மடங்கும், ஆனால் கம்பியைத் தொடுவதும் அதே பக்கம்தான். வெட்டிய அளவுக்கு, குழாயின் வாயருகே அமையும் முதல் கம்பிக்கு இடமில்லாமல் போகும். விரலுக்கு வேண்டிய இடத்தைக் கம்பியிடமிருந்து பறிக்காமல் கொடுப்பது எப்படி என்று பல தாள்களில் வரைந்து பார்த்த பிறகு, துளையைக் குழாயின் நடுவில் இடாமல் ஒரு பக்கம் தள்ளி இடலாம் என்று தோன்றியது. வாயில் துளையின் விட்டம் 18 மி.மீ.; அதை மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் கம்பிப் பக்கச் சுவர் 3 மி.மீ., முதுகுப் பக்கச் சுவர் 1 மி.மீ. என்று அமையும். தடித்த சுவரில் உள்விளிம்பை இரண்டரை மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டி, நாகஸ்வரத்தின் அணசுபோல் வாயை உட்புறமாக விரித்துவிடலாம். வெளிப்புறத்தில் கம்பி தொடும் நீளம் பெரும்பாலும் குறையாது. உள்ளே சதை திரள இடம் கிடைக்கும்.

பட்டறையில் வரைபடத்தைக் காட்டியபோது, "இது எந்த மோட்டருக்கு புஷ்ஷு தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார்கள். கிட்டாருக்கு என்று சொன்னதும் வேலையில் இரட்டிப்பு அக்கறை வந்துவிட்டது. துளையைத் தள்ளி இட வேண்டும் என்பதால் தண்டைத் தானாகவே நடுவில் பிடிக்கும் மூன்று தாடைச் சக்கு (லேத்தின் பிடிப்பான்) உதவாது. நான்கு தாடைச் சக்கில் பித்தளைத் தண்டை மாட்டி, டயல் கேஜ் என்ற அளவுமானியை வைத்து ஒரு மில்லிமீட்டர் மையம் விலக்கிய பிறகே போரிங், அதாவது துளை கடைதல், தொடங்கியது. துளையும் நேரானதல்ல: வாயில் 18 மி.மீ., நுனியில் 16 மி.மீ. லேத்தில் வெட்டுளியைத் தாங்கும் காம்பவுண்ட் ஸ்லைடை ஒரு டிகிரிக்குச் சற்று மேல் திருப்பி அந்தச் சரிவைக் கடைந்தார்கள். இந்தச் சரிவு இல்லாவிட்டால் வாசிக்க வாசிக்க எடை ஸ்லைடைக் கீழே இழுத்து மூட்டின்மேல் கொண்டுபோய் உட்கார்த்திவிடும்.

இனி சுழற்சி. கம்பிகளின்மேல் ஸ்லைடை நகர்த்தும்போது உராய்வு அதை விரலைச் சுற்றி உருட்டப் பார்க்கும். சாதாரணக் குழாய் உருண்டால் நாதத்தில் கொஞ்சம் தெளிவு குறையும், அவ்வளவுதான். தடித்த பக்கம், மெலிந்த பக்கம் என்று இருக்கும் குழாய் உருண்டால் செய்த வேலையெல்லாம் வீண். விரலின் குறுக்குவெட்டு முழு வட்டமல்ல, பக்கவாட்டில் சற்று அகன்றது. துளையும் அப்படி இருந்தால் உருளாது. சாதாரண லேத்தில் நீள்வட்டத் துளை இடுவது சாத்தியமில்லை என்பதால், முதுகுப் பக்க உட்சுவரில் மெல்லிய தக்கைத் தாளை நீளவாக்கில் ஒட்டினேன். அது துளையை ஒரு திசையில் குறுக்கி விரலைப் பிடித்துக்கொள்கிறது. அதோடு விரலைத் தடித்த சுவரை நோக்கி, அதாவது கம்பியை நோக்கித் தள்ளிவைக்கிறது. தக்கைக்கு இன்னொரு பயனும் உண்டு. சித்திரை வெயிலில் பிற்பகலுக்கு விரல் வீங்கும், காலையில் மெலியும். தக்கை அமுங்கிக் கொடுத்து இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. ஆகையால் அளவெடுக்க விரும்புவோர் நகைக்கடையில் மோதிர அளவு பார்க்கும் வளையங்களைக் கொண்டு மாலை நேரத்தில் மூட்டையும் நுனியையும் தனித்தனியே அளப்பது நல்லது.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த அளவுகளில் பித்தளையில் ஏறத்தாழ 65 கிராம் வருகிறது. இதே வடிவத்தை ஆய்வகக் குழாய்களுக்குப் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடியில் செய்தால் 17 கிராமே இருக்கும். கம்பியின் அதிர்வு விரலுக்குள் கசிந்து அடங்கிவிடாமல் திரும்பி ஓட, முனையில் கனம் இருப்பது உதவும்; பித்தளையில் ஒலி நீண்டு நிற்பதற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன். ஆனால் கனம் கூடினால் வேகமாக நடுக்கம் கொடுப்பது சுண்டு விரலுக்குப் பாரம். வேகமான வாசிப்பே முதன்மையென்று நினைப்பவர்கள் கண்ணாடிக்குப் போகட்டும். எனக்கு மெதுவாக இழுத்து நிறுத்தும் வாசிப்புத்தான் பிடிக்கும்.

வெளிப்புறத்தில் கவனிக்க வேண்டியது மெருகு ஒன்றுதான். மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பிகளின் முகடுகள் கரடான பரப்பில் உரசினால் சரசரப்பு கேட்கும். லேத்திலேயே சுற்றவிட்டு 400 முதல் 2000 வரை எமரி தாள் பிடித்தோம். அவ்வாறு விழும் நுண்கீறல்கள் கம்பி ஓடும் திசையிலேயே அமைவதால் சரசரப்புக் குறைவு. நீளவாக்கில் கையால் தேய்த்தால் கீறல்கள் அரம்போல் குறுக்கே நிற்கும். நுனி விளிம்பை 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டியதால் சாய்வாக வரும்போது ஆறாவது கம்பியில் இடறுவதில்லை. பித்தளை மென்மையானது, நாளடைவில் கம்பித் தடம் விழும். மறுபடி எமரி தாள் பிடிக்க வேண்டியதுதான். வியர்வையில் விரலில் பச்சைக் களிம்பு ஏறுவது மட்டும் எரிச்சல். உட்புறத்துக்கு நிக்கல் பூச்சு கொடுத்தால் தீரும்.

ஃபிரெட்போர்டின் வளைவுக்கேற்ப ஸ்லைடின் வெளிப்புறத்தைக் குழிவாகக் கடைவதும் ஒரு வழக்கம். 9.5 அங்குல ஆரமுள்ள கிட்டாரில் 12ஆவது ஃபிரெட்டில் ஓரக் கம்பிகளைவிட நடுக் கம்பிகள் சுமார் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும், ஆகவே அதில் நியாயம் இருக்கிறது. நான் நேராகவே விட்டுவிட்டேன். குழிவு ஒரே கிட்டாருக்குத்தான் பொருந்தும், மேலும் ஒற்றைக் கம்பியைத் தனியே தொட நேர்ப் பரப்பே வசதி. அந்த ஒரு மில்லிமீட்டரை ஈடுகட்ட 12ஆவது ஃபிரெட்டில் கம்பியின் உயரத்தை 3 மி.மீ. அளவுக்கு ஏற்றி, முதல் கம்பியை 0.013 அங்குலத் தடிமனுக்கு மாற்றியிருக்கிறேன். மெல்லிய கம்பியும் தாழ்ந்த உயரமும் உள்ள கிட்டாரில் இந்த ஸ்லைடை வைத்தால் ஃபிரெட்டில் தட்டும் ஓசைதான் முதலில் வரும்.